யாருடைய நிலம், யாருடைய உழைப்பு? அமெரிக்க வரலாறு, 1607 முதல் 1914 வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க வரலாற்றைப் பற்றி மாணவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், பிள்ளைகளை அங்கே அனுப்பிவைத்த பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். முதல் ஆங்கிலேயக் குடியேற்றத்திலிருந்து பெரும் ஆலைகளின் காலம் வரை ஏறத்தாழ 300 ஆண்டுகள். போர்களையும் அதிபர்களின் பெயர்களையும் மட்டும் மனப்பாடம் செய்தால் இந்த வரலாறு பாதிதான் பிடிபடும் என்பது என் உறுதியான கருத்து. நிலம் யாரிடமிருந்து வந்தது, அதில் பாடுபட்டவர் யார் என்ற இரண்டையும் விடாமல் கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

அமெரிக்க வரலாறு எந்த ஆண்டில் தொடங்குகிறது?

பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் 1607 என்று சொல்லும். பூர்வகுடி மக்கள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்தார்கள். இன்றைய செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு அருகே கஹோகியா என்ற பெரிய ஊர் இருந்தது. அதன் மண்மேடுகளை இன்றும் காணலாம். ஐரோப்பியரிலும் ஸ்பானியர் முந்திக்கொண்டனர்: ஃப்ளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் 1565இல் உருவானது. ஆங்கிலேயர் 1587இல் ரோனோக் தீவில் குடியேற்றிய மக்கள் 1590இல் தேடிச் சென்றபோது அங்கே இல்லை. 1607இல் வர்ஜீனியாவில் அமைந்த ஜேம்ஸ்டவுன்தான் நிலைத்து நின்ற முதல் ஆங்கிலேயக் குடியேற்றம். அதனால்தான் அந்த ஆண்டுக்கு அத்தனை முக்கியத்துவம்.

ஜேம்ஸ்டவுன் எப்படித் தாக்குப்பிடித்தது?

முதலில் தாக்குப்பிடிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. லண்டனில் பங்குதாரர்கள் பணம் போட்டு நடத்திய வர்ஜீனியா கம்பெனி, மூன்று கப்பல்களில் நூற்றுச் சொச்சம் ஆண்களையும் சிறுவர்களையும் அனுப்பியது. தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் வந்தவர்களே அதிகம். உழவு தெரிந்தவர்கள் குறைவு. இறங்கிய இடம் சதுப்பு நிலம், குடிநீரில் உப்பு, காய்ச்சலும் வயிற்றுக் கடுப்பும் ஆளைத் தின்றன. சுற்றிலும் பவ்ஹாட்டன் தலைமையில் வாழ்ந்த பூர்வகுடி மக்களிடம் வாங்கிய சோளத்தை நம்பித்தான் பிழைப்பு நடந்தது. உறவு முறிந்ததும் சோளமும் நின்றது.

1609–10 குளிர்காலம் பட்டினிக் காலம் என்றே பெயர் பெற்றது. கோட்டைக்குள் இருந்த சில நூறு பேரில் வசந்தத்தில் உயிரோடு எஞ்சியவர்கள் சுமார் 60 பேர். குதிரை, நாய், எலி எல்லாம் தீர்ந்த பிறகு மனித உடலையும் உண்டதாகப் பழைய குறிப்புகள் சொல்லிவந்தன. 2012இல் தொல்லியலாளர்கள் ஒரு குப்பைக் குழியிலிருந்து 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மண்டையோட்டை எடுத்தார்கள். அதில் கத்தியால் வெட்டிய தடங்கள் இருந்தன. நெற்றியில் போட்ட முதல் வெட்டுகள் ஆழமில்லாமல் தயங்கித் தயங்கி விழுந்திருக்கின்றன. ஒரு நாட்டின் தொடக்கத்தைப் படிப்பவர்கள் அந்த எலும்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

காப்பாற்றியது புகையிலை. ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் மேற்கிந்தியத் தீவுகளின் விதையைப் பயிரிட்டுப் பார்த்தார். லண்டனில் நல்ல விலை போனது. சில ஆண்டுகளில் ஜேம்ஸ்டவுனின் தெருவிலும் சந்தைத் திடலிலும்கூடப் புகையிலை நட்டிருந்தார்கள். இந்தப் பயிருக்கு இரண்டு பெரும் பசிகள் உண்டு. மூன்று நான்கு ஆண்டுகளில் மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும், ஆகவே புதிய நிலம் வேண்டும். நாற்று, களை, கொழுந்து கிள்ளுதல், உலர்த்துதல் என்று ஆண்டு முழுவதும் கை வேலை வாங்கும், ஆகவே ஆட்கள் வேண்டும். அடுத்த 250 ஆண்டு வரலாற்றின் பெரும்பகுதி இந்த இரண்டு தேவைகளிலிருந்து கிளைத்ததுதான்.

மேஃப்ளவர் கப்பலில் வந்தவர்கள் யார்?

இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையிலிருந்து விலகி வழிபட விரும்பிய குழுவினரும், பிழைப்புத் தேடிச் சேர்ந்துகொண்டவர்களுமாக 102 பயணிகள். 1620இல் பிளிமத்தில் குடியேறினர். முதல் குளிர்காலத்தில் பாதிப் பேர் இறந்தனர். 1630இல் மாசசூசெட்ஸுக்குப் பெரிய அலை வந்தது. அவர்கள் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள், வேதம் படிக்க எழுத்தறிவு வேண்டும் என்று நம்பியவர்கள். 1636இலேயே ஹார்வர்டைத் தொடங்கிவிட்டார்கள்.

யேல் பல்கலைக்கழகத்துக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. எலிஹு யேல் 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். மதராஸில் சேர்த்த பெரும் செல்வத்தோடு இங்கிலாந்து திரும்பியவர், 1718இல் கனெக்டிகட் குடியேற்றத்தின் சிறு கல்லூரி ஒன்றுக்குத் துணிப் பொதிகளும் புத்தகங்களும் மன்னரின் ஓவியமும் அனுப்பினார். பொதிகளை விற்றதில் சுமார் 560 பவுண்டு கிடைத்தது. கல்லூரி நன்றியோடு அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

அடிமை முறை தொடக்கத்திலிருந்தே இருந்ததா?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் அடிமை முறை ஒரே நாளில் வந்து இறங்கவில்லை, சட்டம் சட்டமாகக் கட்டப்பட்டது.

1619 ஆகஸ்டு இறுதியில் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட்டில் ஓர் ஆங்கிலக் கப்பல் ‘இருபது சொச்சம்’ ஆப்பிரிக்கர்களை உணவுப் பொருளுக்கு மாற்றாகக் கொடுத்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் வர்ஜீனியாவின் முதல் சட்டமன்றம் கூடியது. மக்களாட்சியின் விதையும் அடிமை முறையின் விதையும் ஒரே மண்ணில் ஒரு மாத இடைவெளியில் விழுந்திருக்கின்றன.

அப்போது புகையிலை வயல்களில் பெரும்பாலும் வேலை செய்தவர்கள் ஆங்கிலேய ஒப்பந்தக் கூலிகள். கப்பல் கட்டணத்துக்கு ஈடாக நான்கு முதல் ஏழு ஆண்டுகள் உழைக்க வேண்டும். (1635ஆம் ஆண்டு நிலப் பதிவு ஒன்றில் ‘கிழக்கிந்தியன் டோனி’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அமெரிக்க ஆவணங்களில் தென்படும் முதல் இந்தியர்களில் ஒருவர் அவர்.) ஆப்பிரிக்கர்களில் சிலர் தொடக்கத்தில் விடுதலை பெற்று நிலமும் வைத்திருந்தனர். 1621இல் கொண்டுவரப்பட்ட ஆன்டனி ஜான்சன் 1651இல் 250 ஏக்கருக்கு உரிமையாளர்.

கதவு படிப்படியாக மூடியது. 1640இல் மூன்று வேலையாட்கள் தப்பியோடிப் பிடிபட்டார்கள். ஐரோப்பியர் இருவருக்கும் கூடுதலாகச் சில ஆண்டு ஊழியம். ஆப்பிரிக்கரான ஜான் பஞ்ச் என்பவருக்கு ஆயுள் முழுக்க ஊழியம். 1662இல் ஒரு சட்டம், தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்றது. தந்தை வழியில் உரிமை போகும் ஆங்கிலேய மரபை இதற்காகவே தலைகீழாக்கினார்கள். அடிமைப் பெண்ணுக்கு எஜமானனால் பிறந்த குழந்தையும் அவனுடைய சொத்தாகிவிடும். ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்றது 1667ஆம் ஆண்டுச் சட்டம். 1676இல் நதானியேல் பேக்கன் தலைமையில் ஏழை வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து கலகம் செய்து ஜேம்ஸ்டவுனை எரித்த பிறகு, இருவரையும் பிரித்துவைப்பது ஆள்வோரின் கவலையானது. 1705இல் எல்லாச் சட்டங்களையும் தொகுத்து இனத்தின் அடிப்படையிலான அடிமை முறையை முழுமையாக்கினார்கள்.

மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை வாங்க ஐரோப்பிய வணிகர்கள் கொடுத்த சரக்குகளில் சோழமண்டலக் கரையில் நெய்த பருத்தித் துணிக்கு முக்கிய இடம் இருந்தது. நம் நெசவாளர்களுக்கு அந்தத் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி நம் கரையிலும் இருந்தது.

தேயிலை வரிக்காகவா விடுதலைப் போர் மூண்டது?

வரி ஒரு காரணம். அதன் பின்னால் நிலமும் கடனும் இருந்தன. 1763இல் பிரான்சுடன் முடிந்த ஏழாண்டுப் போர் பிரிட்டனைப் பெருங்கடனில் தள்ளியது. அதே ஆண்டு, அப்பலாச்சிய மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று மன்னர் ஆணையிட்டார்; மேற்கே நிலம் வாங்கிப் பணம் பண்ண நினைத்தவர்களுக்கு, ஜார்ஜ் வாஷிங்டன் உட்பட, அது பெரும் எரிச்சல். 1765இல் முத்திரைத் தாள் வரி வந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாதபோது எங்கள் மீது வரி போட உங்களுக்கு என்ன உரிமை என்று குடியேறிகள் கேட்டார்கள்.

1773ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டம் விலையைக் குறைத்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி நொடித்துப்போகும் நிலையில் இருந்தது. கிடங்குகளில் தேங்கிய தேயிலையை இடைத்தரகர் இல்லாமல் அமெரிக்காவில் விற்க அதற்கு அனுமதி கொடுத்தார்கள். பழைய வரி மட்டும் நீடித்தது. உள்ளூர் வணிகர்கள் பாதிக்கப்பட்டார்கள், ஏகபோகத்தைப் பற்றிய அச்சமும் பரவியது. இதே கம்பெனி வங்காளத்தில் என்ன செய்தது, பஞ்சத்தில் எத்தனை லட்சம் பேர் மாண்டார்கள் என்று ஜான் டிக்கின்சன் அந்த ஆண்டு நவம்பரில் எழுதிய துண்டறிக்கை எச்சரித்தது. நம் மண்ணின் துயரம் அவர்களுடைய எதிர்ப்புக்கு ஒரு சாட்சியாக நின்றது. டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்து 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. 1775 ஏப்ரலில் போர் மூண்டது. 1776 ஜூலை 4 அன்று விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்டது. 1783இல் பிரிட்டன் விடுதலையை ஏற்றுக்கொண்ட பாரிஸ் உடன்படிக்கை.

யார்க்டவுனில் தோற்ற காரன்வாலிஸும் திப்பு சுல்தானோடு போரிட்டவரும் ஒருவரேதானா?

ஒருவரேதான். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் தளபதியாக இருந்தவர். 1781 அக்டோபர் 19 அன்று அவருடைய படை வர்ஜீனியாவின் யார்க்டவுனில் சரணடைந்தது. உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டுத் தம் துணைத் தளபதியைச் சடங்குக்கு அனுப்பினார். ஐந்தே ஆண்டுகளில், 1786இல், இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்து சேர்ந்தார். 1792இல் திப்புவிடமிருந்து அவர் பறித்த பகுதிகளில் பாராமகாலும் திண்டுக்கல்லும் அடங்கும்.

எல்லா மனிதரும் சமம் என்று எழுதியவர்கள் அடிமைகளை வைத்திருந்தார்களா?

ஆம். பிரகடனத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் 600 பேருக்கும் மேற்பட்டோரை அடிமையாக வைத்திருந்தார். 1787இல் பிலடெல்ஃபியாவில் எழுதிய அரசமைப்புச் சட்டம் அடிமை என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு, அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைப் பிரதிநிதித்துவக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. வாக்குரிமை இல்லாதவர்களின் எண்ணிக்கையால் அவர்களை அடக்கியவர்களுக்கு நாடாளுமன்றத்தில் கூடுதல் இடம் கிடைத்தது. அந்தக் காலத்தின் வழக்கம் அப்படி என்று இதைக் கடந்துபோவோர் உண்டு. என்னால் அப்படிக் கடக்க முடியவில்லை. வெர்மான்ட் 1777இலேயே தன் அரசமைப்பில் வயதுவந்தோரின் அடிமைத்தனத்தைத் தடைசெய்தது. அது தவறு என்று அந்தக் காலத்தவர்களுக்கே தெரிந்திருந்தது.

பருத்தி எப்படி நாட்டின் போக்கை மாற்றியது?

அமெரிக்காவின் உள்நிலங்களில் விளைந்த குட்டை இழைப் பருத்தியில் பச்சை விதை பஞ்சோடு இறுக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து விதை நீக்கினாலும் அரைக் கிலோ பஞ்சுதான் தேறும். 1793இல் ஈலை விட்னி செய்த அரைவை எந்திரத்தில் ஓர் உருளையில் கம்பிப் பற்கள் இருக்கும். உருளை சுழலும்போது பற்கள் பஞ்சைக் குறுகிய பிளவுகளின் வழியே இழுத்துவிடும். விதை நுழைய முடியாமல் கீழே விழும். பின்னால் சுற்றும் தூரிகை பஞ்சைத் துடைத்தெடுக்கும். கையால் சுற்றும் சிறிய எந்திரமே நாளுக்கு 20 கிலோவுக்கு மேல் சுத்தம் செய்தது.

வேலையை எளிதாக்கிய எந்திரம் அடிமைகளின் சுமையைக் குறைக்கவில்லை. விதை நீக்குவது எளிதானதால் எவ்வளவு பருத்தியும் விற்கும் என்றானது. நடவும் பறிப்பும் இன்னும் கையால்தான். ஜார்ஜியாவிலிருந்து டெக்சாஸ் வரை காடுகள் பருத்தி வயல்களாயின. 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் 40 லட்சத்தை நெருங்கியது. வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளிலிருந்து சுமார் 10 லட்சம் பேர் தெற்கே விற்கப்பட்டோ நடத்திச் செல்லப்பட்டோ போனார்கள். கணவன் ஓரிடம், மனைவி ஓரிடம், பிள்ளை வேறிடம். 1860க்கு முந்தைய ஆண்டுகளில் நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி.

அப்படியானால் வடக்கு மாநிலங்களுக்கு இதில் பங்கில்லையா?

நிறையவே பங்கு உண்டு. ஃபிரான்சிஸ் கேபட் லோவெல் என்ற பாஸ்டன் வணிகர் இங்கிலாந்து ஆலைகளைச் சுற்றிப் பார்த்துத் தறிகளின் அமைப்பை மனத்தில் பதித்துக்கொண்டு திரும்பினார். எந்திர வரைபடங்களை வெளியே கொண்டுபோக அங்கே தடை இருந்தது. அவர் பெயரால் அமைந்த லோவெல் நகரத்து ஆலைகளில் 1820கள் முதல் பண்ணைக் குடும்பங்களின் இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கம்பெனி விடுதியில் தங்க வேண்டும். விடியலுக்கு முன் மணி, சாப்பாட்டுக்கு மணி, இரவு விடுதிக் கதவை மூட மணி. நாளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மணி நேரம் வேலை. நூல் அறாமலிருக்கச் சன்னல்களை மூடி ஈரப்பதத்தைக் கூட்டுவார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சை அடைக்கும். கோவை, திருப்பூர் பக்கத்து வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனாலும் அந்தப் பெண்கள் சொந்தக் கூலியைக் கையில் பார்த்தார்கள், படித்தார்கள், தாங்களே இதழ் நடத்தினார்கள். 1834இல் கூலியைக் குறைத்தபோது வேலையை விட்டு ஊர்வலம் போனார்கள், 1836இல் மறுபடியும்.

அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சு அடிமைகள் பறித்தது. வட மாநில ஆலைகள் நெய்த முரட்டுத் துணியின் ஒரு பகுதி தெற்கே திரும்பிப் போய் அடிமைகளின் உடையானது. ஒரு நாட்டின் இரண்டு பாதிகளும் அந்தத் துணியில்தான் ஒட்டிக்கொண்டிருந்தன.

பூர்வகுடி மக்கள் எதிர்க்கவில்லையா?

போரிலும் எதிர்த்தார்கள், நீதிமன்றத்திலும் எதிர்த்தார்கள். ஜார்ஜியாவின் செரோக்கி மக்கள் நிலத்தைக் காக்க எல்லா வழிகளையும் முயன்றவர்கள். செக்வோயா என்பவர் 1821 வாக்கில் தம் மொழிக்கு எழுத்துகள் உருவாக்கினார். 1828இல் அவர்களுடைய செய்தித்தாள் வெளிவந்தது. 1832இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனின் அரசு அதை நிறைவேற்றவில்லை. 1838–39இல் சுமார் 16,000 செரோக்கி மக்கள் படைக்காவலில் மேற்கே விரட்டப்பட்டனர். ஏறத்தாழ 4,000 பேர் முகாம்களிலும் வழியிலும் இறந்ததாகக் கணிக்கிறார்கள். தென்கிழக்குப் பூர்வகுடிகளிடமிருந்து இப்படிக் காலியான நிலங்கள் பலவற்றில் பருத்தி விளைந்தது.

உள்நாட்டுப் போர் அடிமை முறையைப் பற்றியதா, மாநில உரிமையைப் பற்றியதா?

அடிமை முறையைப் பற்றியது. நாட்டைவிட்டுப் பிரிந்துபோன தென் மாநிலங்களே அதை எழுதிவைத்தன. மிசிசிப்பியின் பிரகடனம் முதல் வரிகளிலேயே தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பிணைந்தது என்கிறது. மாநில உரிமை பேசிய அதே தெற்கு, தப்பியோடிய அடிமைகளை வடக்கிலிருந்து பிடித்துவர 1850இல் மத்திய அரசின் கையைப் பயன்படுத்தியது. 1861 முதல் 1865 வரை நடந்த போரில் குறைந்தது 6,20,000 வீரர்கள் மாண்டனர். 1863 ஜனவரி 1 அன்று அதிபர் லிங்கனின் அடிமை விடுதலை ஆணை. 1865 டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த 13ஆவது அரசமைப்புத் திருத்தம்.

தென் மாநிலத் துறைமுகங்கள் அடைபட்டதும் லங்காஷயர் ஆலைகள் பஞ்சில்லாமல் தவித்து இந்தியாவின் பக்கம் திரும்பின. பம்பாயில் பணம் கொட்டியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கும் விலை ஏறியது. போர் முடிந்ததும் விலை சரிந்தது.

கண்டத்தைக் குறுக்காகக் கடந்த ரயில் பாதையை யார் போட்டார்கள்?

கிழக்கிலிருந்து யூனியன் பசிபிக் கம்பெனி, பெரும்பாலும் ஐரிஷ் தொழிலாளர்களைக் கொண்டு. மேற்கிலிருந்து சென்ட்ரல் பசிபிக், பெரும்பாலும் சீனத் தொழிலாளர்களைக் கொண்டு. சியரா நெவாடா மலையின் உச்சிச் சுரங்கம் 1,659 அடி நீளம். கருங்கல் பாறை. ஒருவர் துளை உளியைப் பிடித்துச் சுழற்ற, மற்றவர்கள் சம்மட்டியால் அடிப்பார்கள். துளையில் வெடிமருந்து திணித்துத் திரி பற்றவைத்துவிட்டு ஓடுவார்கள். ஒரு முகப்பில் நாளெல்லாம் பாடுபட்டு ஓரடி முன்னேறினால் பெரிது. 1867 ஜூனில் சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தி, வெள்ளையருக்கு இணையான கூலி கேட்டார்கள். கம்பெனி மலைமேல் போகும் உணவை நிறுத்தியது. ஒரு வாரத்தில் போராட்டம் முடிந்தது. 1869 மே 10 அன்று பிரமான்டரியில் பாதைகள் இணைந்தன. 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வரவே தடை போட்டார்கள்.

தொழில்யுகம் எப்போது முழுவீச்சை எட்டியது?

1825இல் திறந்த ஈரி கால்வாய் முதல் படி. ஏரிப் பகுதியின் தானியம் மலிவாக நியூயார்க் சேர்ந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் எல்லாம் வேகமெடுத்தது. கார்னகியின் உருக்கு, ராக்ஃபெல்லரின் எண்ணெய், 1882இல் எடிசனின் மின்நிலையம். 1883 நவம்பரில் ரயில் கம்பெனிகள் ஊருக்கொரு நேரத்தை ஒழித்து நேர மண்டலங்களை வகுத்தன. நூற்றாண்டு முடிவதற்குள் தொழில் உற்பத்தியில் அமெரிக்கா பிரிட்டனை முந்திவிட்டது.

உருக்காலையில் பன்னிரண்டு மணி நேரம் வேலை வழக்கமாக இருந்தது. 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த போராட்டமும் சிகாகோவின் ஹேமார்க்கெட் திடலில் நடந்த குண்டுவெடிப்பும்தான் நம் மே தினத்தின் வேர். 1892இல் ஹோம்ஸ்டெட்டில் கார்னகியின் ஆலை நிர்வாகம் தொழிலாளர்களுக்கு எதிராகச் சுமார் 300 தனியார் காவலர்களைப் படகில் கொண்டுவந்தது. துப்பாக்கிச் சண்டையில் இரு தரப்பிலும் உயிர்ப்பலி. அந்த ஆலையில் தொழிற்சங்கம் நொறுங்கியது.

விடுதலை பெற்ற கறுப்பினத்தவர் ஏன் இந்த ஆலைகளுக்கு உடனே வரவில்லை?

நிலம் கிடைக்கும் என்று நம்பினார்கள். 1865 ஜனவரியில் வடக்குப் படையின் ஜெனரல் ஷெர்மன் தெற்கின் கடலோர நிலத்தை அவர்களுக்கு நாற்பது ஏக்கர் வரை பிரித்துக்கொடுக்க ஆணையிட்டார். அதே ஆண்டு அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதைப் பழைய உடைமையாளர்களுக்கே திருப்பினார். எஞ்சியது வாரச் சாகுபடி. விதை, ஏர், அரிசி பருப்பு எல்லாம் கடனுக்கு. அறுவடையில் கணக்குப் பார்த்தால் கடன் மிஞ்சும். 1870இல் கறுப்பினத்தவரான ஹைரம் ரெவெல்ஸ் மிசிசிப்பியிலிருந்து செனட்டுக்குப் போனது உண்மை, ஆனால் 1877இல் மத்தியப் படை தெற்கிலிருந்து பின்வாங்கியபின் கறுப்பினத்தவரின் வாக்குரிமை மிரட்டலாலும் சட்டத் தந்திரத்தாலும் பறிபோனது. 1896இல் உச்ச நீதிமன்றமே ரயில் பெட்டியில் இனவாரிப் பிரிவினையை ஏற்றது. ஆலை வேலைக்கோ வடக்கின் முதலாளிகள் ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கியவர்களையே எடுத்தார்கள்.

1914இல் உலகப் போர் மூண்டு ஐரோப்பியக் கப்பல்கள் குறைந்தபோதுதான் அந்த நிலை மாறியது. ஆள் பற்றாக்குறையில் வடக்கின் ஆலைகள் தெற்கே ஆள்பிடிக்கும் முகவர்களை அனுப்பின. தென் மாநிலங்கள் அந்த முகவர்கள் மீது அபராதமும் உரிமக் கட்டணமும் விதித்துத் தடுக்கப் பார்த்தன. அப்படியும் சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போகும் ரயில்களில் பருத்தி வயல்களை விட்டுக் கிளம்பிய குடும்பங்கள் லட்சக்கணக்கில் ஏறின.